பழைய மாளிகையா, பக்கத்து டவரா: பாரம்பரிய ஹோட்டலில் அறை எடுக்கும்முன்

நகரத்தின் நட்டநடுவே நூறு வயது தாண்டிய ஹோட்டல் ஒன்றை மூடிவைத்து, பழுது பார்த்து, மறுபடி திறந்திருக்கிறார்கள். படங்களைப் பார்த்ததும் மனசு அங்கே போய்விடுகிறது: வளைவு வளைவாய் வராந்தா, சலவைக்கல் மாடிப்படி, உயரத்திலிருந்து தொங்கும் சரவிளக்கு. வாடகையைப் பார்த்ததும் மனசு திரும்பி வந்துவிடுகிறது. இந்தப் போக்குவரத்தில்தான் பெரும்பாலோர் திணறுகிறோம். ஆனால் 'இவ்வளவு பணம் தகுமா' என்று யோசிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: படத்தில் தெரிகிற கட்டடத்துக்குள்தான் நமக்கு அறை கிடைக்குமா?

பல இடங்களில் பெயர் ஒன்று, கட்டடம் இரண்டு. மும்பையின் தாஜ் மஹால் பேலஸ் 1903இல் திறந்தது; அதை ஒட்டி நிற்கும் டவர் 1973இல் வந்தது. ஹாங்காங்கின் பெனின்சுலா 1928ஆம் ஆண்டுக் கட்டடம். அதன் பின்னால் எழும்பிய 30 மாடி டவர் 1994இல் சேர்ந்தது. பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் 1885இல் தொடங்கியது. அதன் விக்டரி அனெக்ஸ் என்ற இணைப்புக் கட்டடம் 2013இல்தான் வந்தது. புக்கிங் தளத்தில் மூன்றுக்கும் முதலில் கண்ணில் படுவது பழைய முகப்புதான். குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் அறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அறையின் விவரப் பட்டியலில் தேடிப் படித்தால்தான் தெரியும்.

ஆக, நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். பழைய பகுதியிலேயே அறை எடுப்பது. அதே ஹோட்டலின் புதிய டவரில் எடுப்பது. வேறு எதற்காகவோ கட்டப்பட்டு, பின்னால் ஹோட்டலாக மாறிய பழைய கட்டடத்தில் தங்குவது. பக்கத்தில் சாதாரண நவீன ஹோட்டலில் படுத்துக்கொண்டு, பழையதற்கு ஒரு மாலைப் பொழுது மட்டும் போய்வருவது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். பகலில் கணிசமான நேரம் ஹோட்டலுக்குள்ளேயே இருக்கப் போகிறவருக்குப் பழைய பகுதிதான். படுக்க மட்டும் வருகிறவருக்கு நான்காவது வழி. டவரை எடுப்பதற்குத் தனிக் காரணம் வேண்டும்.

பழைய பகுதி தருவதும் எடுப்பதும்

முதல் லாபம் உயரம். ஏசி வருவதற்கு முன்னால் வெப்பநாடுகளில் கட்டிய ஹோட்டல்களில் மேல்தளம் எட்டாத உயரத்தில் இருப்பதற்குக் காரணம் ஆடம்பரம் மட்டுமில்லை. சூடான காற்று மேலே போக இடம் வேண்டும், எதிரெதிர் திறப்புகள் வழியாகக் காற்று ஓட வேண்டும். சிங்கப்பூர் ராஃபிள்ஸின் அறைகளைப் பாருங்கள். வராந்தாவிலிருந்து உள்ளே நுழைந்தால் முதலில் ஒரு சிறு கூடம், அதன்பின் படுக்கையறை, கடைசியில் குளியலறை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வெயில் வராந்தாவிலேயே நின்றுவிடும். இப்படிப்பட்ட அமைப்பில் படுக்கையறை கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். காலை எழுந்ததும் வெளிச்சம் கொட்ட வேண்டும் என்பவருக்கு இது குறை. உச்சி வெயிலில் ஊர் சுற்றிவிட்டு வந்து விழுகிறவருக்கு இதுவே வரம்.

இரண்டாவது லாபம், அறைக்கு வெளியே கிடைப்பது. பழைய ஹோட்டல்களில் நடைபாதைகள் அகலம், மாடிப்படிகள் தாராளம். இரவு பத்து மணிக்கு மேல், சாப்பிட வந்த கூட்டமும் படம் எடுக்க வந்த கூட்டமும் போனபின், தங்கியிருப்பவர்களுக்கு மட்டும் அந்த இடம் முழுக்கக் கிடைக்கிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த நேரத்துக்குத்தான் என்பது என் கணக்கு. அந்த நேரத்தில் அறைக்குள் அடைந்துகொண்டு செல்போன் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கொடுத்த பணம் வீண்.

எடுப்பவற்றுக்கு வருவோம். குளியலறை வாசலில் காலைக் கவனமாக வையுங்கள். நூற்றாண்டுக்கு முந்தைய கட்டடங்கள் பலவற்றில் அறைக்கு ஒரு குளியலறை என்ற ஏற்பாடே கிடையாது. பின்னால் சேர்க்கும்போது, மூலத் தரையையும் உத்தரங்களையும் வெட்டாமல் கழிவுநீர்க் குழாயைக் கொண்டுபோக எளிய வழி, குளியலறைத் தரையை மேலே தூக்குவதுதான். அதனால் அங்கே ஒரு படி முளைக்கும். பகலில் யாருக்கும் தெரியாத அந்தப் படி, இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகும் பெரியவருக்கு ஆபத்து. இதேபோல, அறைக்குள் நுழைந்ததும் சில அடிக்கு மேல்தளம் தாழ்ந்திருந்து பிறகு சட்டென்று உயர்ந்தால், தாழ்ந்த பகுதிக்குள் ஏசியும் குழாய்களும் ஒளிந்திருக்கின்றன என்று பொருள். இது நல்ல வேலை. மற்ற இடத்தில் உயரத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அறை முழுக்கப் போலி மேல்தளம் போட்டு மூடியிருந்தால்தான் கோபம் வர வேண்டும்.

சத்தம் தனிக்கதை. கனத்த செங்கல் சுவர் பக்கத்து அறைப் பேச்சை நன்றாகத் தடுக்கும். மரத் தளமோ மேல்மாடியில் யார் நடந்தாலும் காட்டிக்கொடுக்கும். பழைய ஹோட்டல்களில் இரண்டு அறைகளுக்கு இடையே கதவு வைப்பது வழக்கம். குடும்பத்தோடு வருகிறவர்கள் சேர்த்து எடுத்துக்கொள்வதற்காக. அந்தக் கதவு பூட்டியிருந்தாலும் அதன் இடுக்கு வழியே பக்கத்து அறைத் தொலைக்காட்சி கேட்கும். அப்படிக் கதவு இல்லாத அறை வேண்டும் என்று கேட்டு வாங்கலாம்.

நகர மையம் என்பதால் தெருச் சத்தம்தான் பெரிய தலைவலி. சட்டப் பாதுகாப்பு பெற்ற கட்டடத்தில் பழைய ஜன்னலைக் கழற்றி எறிந்துவிட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட அனுமதி எளிதில் கிடைக்காது. அதற்கு மாற்றாக, பழைய ஜன்னலை அப்படியே வைத்து, உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்துவார்கள். இரண்டுக்கும் இடையே 100 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் சத்தத்தை அது நன்றாகவே அடக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடியின் மெல்லிய இடைவெளியைவிட இது மேல். ஆக 'ஜன்னல் பழசா புதுசா' என்று கேட்பதில் பயனில்லை. 'உள்ளே இரண்டாவது கண்ணாடி இருக்கிறதா' என்று கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், தெருவைப் பார்த்த அறையின் அழகை மறந்துவிட்டு முற்றத்தைப் பார்த்த அறையை எடுங்கள். முற்றத்தில் திருமண வரவேற்பு நடத்துகிற ஹோட்டலாக இருந்தால் அதையும் விசாரிப்பது நல்லது.

இன்னொரு விஷயம்: நவீன ஹோட்டலில் ஒரே வகை அறை என்றால் எல்லாம் ஒரே அச்சு. பழைய கட்டடத்தில் அப்படி இல்லை. ஒரே பெயர், ஒரே வாடகை. ஒன்று மூலையறை, இரண்டு பக்கம் ஜன்னல். இன்னொன்று கூரைக்கு அடியில், ஒரு காலத்தில் வேலையாட்கள் தங்கியது, சாய்ந்த மேல்தளமும் குட்டி ஜன்னலும். எந்த அறை கிடைக்கிறது என்பதே பாதி அனுபவம். இணையத்தில் ஒருவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய அறையும், இன்னொருவர் திட்டித் தீர்த்த அறையும் ஒரே ஹோட்டலில், ஒரே வாடகையில் இருக்க முடியும். இருவரும் உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள்.

புதுப்பித்தது என்றால் எவ்வளவு?

விளம்பரத்தில் எல்லோரும் 'பழைய பொலிவுக்கு மீட்டோம்' என்கிறார்கள். எந்த ஆண்டின் பொலிவு? ராஃபிள்ஸ் 1887இல் பத்து அறைப் பங்களாவாகத் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் பிரதான கட்டடம் 1899இல் வந்தது. அதற்குப் பின்னும் ஏகப்பட்ட ஒட்டுவேலை. 1987இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்து, 1989இல் மூடி, 1991இல் திறந்தபோது 1915ஆம் ஆண்டின் தோற்றத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். 2017இல் மீண்டும் வேலை தொடங்கி, 2019இல் 115 சூட்களுடன் (கூடமும் படுக்கையறையும் சேர்ந்த அறைத்தொகுதிகளுடன்) திறந்தார்கள். அங்கே தங்குகிறவர் அனுபவிப்பது ஒரே காலத்தை அப்படியே இல்லை. ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் இன்றைய குளியலறையையும் வயரிங்கையும் நுழைத்திருக்கிறார்கள். இதில் தப்பு எதுவும் இல்லை. தேர்வைச் சொல்லிச் செய்தார்களா என்பதுதான் கேள்வி.

பழைய கட்டடங்களை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லும் 1964ஆம் ஆண்டின் சர்வதேச ஆவணமான வெனிஸ் சாசனம் இந்தத் துறைக்கே அடிப்படை. ஊகம் தொடங்கும் இடத்தில் மறுசீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது அது. புதிதாகச் சேர்ப்பது புதிதென்று தெரியவும் வேண்டும். ஹோட்டல்காரர்களுக்கு இந்த இரண்டாம் விதி கசக்கும். அவர்களுக்கு எல்லாமே பழசு போலத் தெரிய வேண்டும். நமக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஹோட்டலின் சொந்த வரலாற்றுப் பக்கத்தில் எது மூலம், எது பிற்சேர்க்கை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்களா பாருங்கள். எழுதியிருந்தால் வேலையும் பெரும்பாலும் நேர்மையாக இருக்கும். வெறும் 'காலத்தால் அழியாத', 'மறக்க முடியாத' என்று போனால், தெருமுகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் எல்லாவற்றையும் இடித்துக் கட்டியிருக்கவும் கூடும்.

மூக்கையும் நம்பலாம். அறைக்குள் போனதும் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் தன்மை கொண்டது. அவசரத்தில் அதன்மேல் சிமெண்ட் பூசி, காற்றுப் புகாத பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அந்த வாடை முதலில் தெரிவது மூடிக்கிடக்கும் அலமாரியில்தான்.

திறப்புத் தேதியையும் முழுதாக நம்ப வேண்டாம். லண்டன் சவாய் 2007 டிசம்பரில் மூடப்பட்டபோது பதினாறு மாதத்தில் திறப்பதாகத் திட்டம். திறந்தது 2010 அக்டோபரில். பாரிஸ் ரிட்ஸ் 2012இல் மூடி 2016 ஜூனில் திறந்தது. அந்த ஆண்டு ஜனவரியில், வேலை முடியும் தறுவாயில், தீ விபத்து வேறு. சுவரைத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் கட்டடங்கள் இவை. ஆகவே புதிதாகத் திறக்கப் போகும் ஹோட்டலில் முதல் சில வாரங்களுக்குத் திருமண நாள் போன்ற மாற்ற முடியாத தேதியில் அறை எடுப்பதைத் தவிருங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் எடுங்கள். திறந்த முதல் மாதங்களில் வெந்நீர், லிஃப்ட், சாவி அட்டை என்று ஏதாவது ஒன்று மக்கர் பண்ணிக்கொண்டே இருக்கும்.

டவர்

டவரை ஏன் குறை சொல்கிறேன் என்றால், அதில் தவறு ஒன்றுமில்லை என்பதால்தான். லிஃப்ட் பெரியது, தரை சமம், வைஃபை ஒழுங்காக வரும், தண்ணீர் வேகமாகக் கொட்டும். இவை எல்லாம் அதே நகரத்தில் இன்னும் பல நவீன ஹோட்டல்களிலும் கிடைக்கும். பழைய பெயருக்காகக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அந்தப் பெயரைச் சம்பாதித்த கட்டடத்துக்கு வெளியே தூங்குகிறோம்.

ஆனால் மூன்று சூழலில் டவர்தான் சரி. சக்கர நாற்காலியோ கைத்தடியோ தேவைப்படும் ஒருவர் கூட வருகிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம். உயரத்திலிருந்து காட்சி வேண்டும் என்றாலும் டவர்தான்; பழைய கட்டடத்தின் குவிமாடமும் கூரையும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். (பழைய பகுதியில் பெரும் பணம் கொடுத்து அறை எடுத்தவர் ஜன்னலைத் திறந்தால் சில சமயம் எதிரே நிற்பது அந்த டவராகத்தான் இருக்கும்.) மூன்றாவது, வாடகை வித்தியாசம் பெரிதாக இருந்து, டவர்வாசிகளுக்கும் பழைய பகுதியின் நூலகம், வராந்தா, நீச்சல்குளம் எல்லாம் தடையின்றித் திறந்திருந்தால். சில ஹோட்டல்களில் பழைய பகுதியின் உள்கூடத்துக்கு அந்தப் பகுதியில் தங்குகிறவர்களை மட்டுமே விடுவார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தபால் நிலையம், வங்கி, சிறை

மூன்றாவது வழியில் வருபவை பிறவியிலேயே ஹோட்டலாக இல்லாதவை. சிங்கப்பூரின் ஃபுல்லர்டன் 1928இல் கட்டப்பட்டது. பொதுத் தபால் நிலையமும் அரசு அலுவலகங்களும் அதில் இருந்தன. 2001இல் 400 அறைகளுடன் ஹோட்டலாகத் திறந்தது. 2015இல் தேசிய நினைவுச் சின்னமானது. லண்டனின் 'தி நெட்' (The Ned) ஹோட்டல், மிட்லண்ட் வங்கியின் தலைமையகமாக இருந்த கட்டடம். வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் புதுதில்லியைத் திட்டமிட்ட அதே எட்வின் லட்யன்ஸ். 2017இல் ஹோட்டலானபோது வங்கியின் பணம் செலுத்தும் பெரிய கூடம் உணவகங்களாக மாறியது, பாதுகாப்புப் பெட்டக அறை பார் ஆனது. இஸ்தான்புல்லின் சுல்தானஹ்மெட்டில் ஒரு பழைய சிறைச்சாலையையே 1996இல் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலாக்கினார்கள்.

இவற்றின் பலம் பொதுக்கூடங்கள். ஹோட்டலாகக் கட்டியவர்கள் கூடத்தைவிட அறைக்கு யோசித்தார்கள். வங்கியும் தபால் நிலையமும் கட்டியவர்கள், உள்ளே நுழைகிற குடிமகன் வாயடைத்து நிற்க வேண்டும் என்று யோசித்தார்கள். பலவீனம் அறைகள். அலுவலகக் கட்டடம் உள்ளே ஆழமானது. தெருப்பக்க ஜன்னல் எல்லோருக்கும் கிடைக்காது. அதனால் நடுவே முற்றம் வைத்து, அதைப் பார்த்த அறைகள் அமைப்பார்கள். ஃபுல்லர்டனிலும் கூரை போட்ட முற்றத்தைப் பார்த்த அறைகள் உண்டு. அமைதி கிடைக்கும், ஆனால் வெளியே மழையா வெயிலா என்பது தெரியாது. இந்த வகையில் அறைக்கு அதிகம் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூடத்தில் உட்கார்ந்து நேரம் கழிப்பதுதான் இங்கே விசேஷம்.

தங்காமல் பார்ப்பது

அதுவே நான்காவது வழிக்குக் கொண்டுவந்து விடுகிறது. பல பாரம்பரிய ஹோட்டல்கள் மாலைத் தேநீருக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் வெளியாட்களை வரவேற்கின்றன. ஒரு மேசை பதிவு செய்துவிட்டால் இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்காரலாம், மாடிப்படியைப் பார்க்கலாம், பணியாளரிடம் கதை கேட்கலாம். பழைய ஆட்களாக இருந்தால் விளம்பரப் புத்தகத்தில் இல்லாததை எல்லாம் சொல்வார்கள். நாள் முழுக்க வெளியே சுற்றும் திட்டமுள்ளவருக்கு, காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு பதினொன்றுக்குத் திரும்புகிறவருக்கு, இதுதான் புத்திசாலித்தனம்.

கிடைக்காமல் போவது இரவும் அதிகாலையும். அந்த இரண்டும் வேண்டும், ஆனால் முழுப் பயணத்துக்கும் கட்டுப்படியாகாது என்றால், பயணத்தின் கடைசி இரவை மட்டும் பழைய பகுதியில் வையுங்கள். முதல் நாளில் வேண்டாம். பயணக் களைப்பில் வந்து விழுந்து, காலையில் ஊர் பார்க்க ஓடிவிடுவோம். கடைசி நாளில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடித்திருப்போம், உள்ளேயே இருக்க மனம் வரும். மதியம் செக்-இன் செய்து, மறுநாள் மதியம்வரை வெளியே போகாமல் இருந்தால் ஒரு இரவு வாடகையில் ஏறக்குறைய ஒரு முழுநாள் கிடைக்கிறது. விமானம் மாலையில் இருந்தால் இன்னும் நல்லது.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் பழைய பகுதியைத் தள்ளிவைக்கலாம். மரத்தளத்தில் குழந்தை ஓடினால் கீழ்மாடிக்காரர் ரிசப்ஷனுக்குப் போன் செய்வார்; நாள் முழுக்க 'ஓடாதே, தொடாதே' என்று சொல்லிக்கொண்டிருப்பதற்கு அவ்வளவு பணம் எதற்கு? வயதான பெற்றோருக்கு இது நேர்மாறு. படியில்லாத குளியலறையும் லிஃப்டுக்குப் பக்கத்து அறையும் உறுதியானால், எங்கும் அலையாமல் வராந்தாவில் உட்கார்ந்தபடி ஊரைப் பார்க்கிற சுகத்தை அவர்களைப்போல ரசிக்க நம்மால் முடியாது. வேலை விஷயமாகப் போகிறவருக்கு நவீன ஹோட்டலே போதும்.

பழைய பகுதி என்று முடிவு செய்தபின், புக்கிங் தளத்தில் பணம் கட்டுவதற்குமுன் ஹோட்டலுக்கே நேரடியாகப் போன் செய்யுங்கள். அறை எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில், எந்தப் பக்கம் பார்த்தது. கடைசியாக எந்த ஆண்டு புதுப்பித்தது. குளியலறையில் படி உண்டா. தங்கும் நாட்களில் விழா எதுவும் இருக்கிறதா, கட்டட வேலை நடக்கிறதா என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரே வகையில் பல அறைகள் இருப்பதால், போய்ச் சேர்ந்ததும் பெட்டியைப் பிரிப்பதற்குமுன் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் உடனே 'இதே வகையில் வேறு அறை காட்ட முடியுமா' என்று கேட்கலாம். காலியிருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கேட்டால் நல்ல அறைகள் எல்லாம் போயிருக்கும்.